இரண்டு தோட்டங்களுக்கும் ஒரே தண்ணீர்

கடல் சூழ்ந்த தீவிலுள்ள நாரந்தனையில் எங்கள் தோட்டக் கிணறு உவராகிவிட்டதை முதலில் அறிந்தது எங்கள் பசுதான். மாரி மழை பொய்த்த வருடம் அது. வாளித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நான் ஒரு மிடறு குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. வெங்காயத் தாள்களின் நுனியும் கருகத் தொடங்கியிருந்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் தன் கிணற்றிலிருந்து மிளகாய்க்கு நாள் முழுக்க மோட்டர் போட்டு இறைத்தார். என் கணவரும் அப்படித்தான். நான் வேலியருகே போய்க் கேட்டேன்.

"அண்ணை, ரெண்டு பேரும் கொஞ்ச நாளைக்கு மோட்டரை நிப்பாட்டுவமே? இறைக்க இறைக்க உப்புத்தண்ணியெல்லோ ஏறுது."

"ஏலாது பிள்ளை. நிப்பாட்டினால் என்ர மிளகாய்க் கண்டெல்லாம் பட்டுப்போகும்."

நாங்கள் மட்டும் நிறுத்தினோம். வெங்காயம் வாடியது. வேலிக்கு அப்பால் மோட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. குடிதண்ணீர் பவுசர் லொறி வந்தபோது அவரும் குடத்தோடு எனக்குப் பின்னால் நின்றார்.

"உங்கட கிணறுமோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

திட்டுவதற்குச் சொற்கள் வைத்திருந்தேன். என் குடத்தை நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன். அடுத்த மாரியில் கிணறுகள் நிரம்பின. ஆனால் உவர் போகவில்லை. இந்த வருடம் இருவருமே எதுவும் நடவில்லை.