காலிக்குப் போனோம்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐரோப்பியர் வருகையை வருஷா வருஷம் நடத்துகிறவள் நான். போர்த்துக்கீசியரையும் டச்சுக்காரர்களையும் ஆங்கிலேயர்களையும் கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் கடல் வழியாக இறக்கி, கோட்டை கட்ட வைத்து, ஒருவரை ஒருவர் துரத்த வைத்து, மணி அடித்ததும் மூவரையும் அழித்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். ஆனால் கடலோரத்துக் கோட்டை ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறேன். அங்கே கடலைத் தவிர எல்லாம் இருக்கிறது.

எங்கள் வீடு திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. எங்கள் வீடு என்பது பழக்க தோஷத்தில் வருவது. மாடியில் நாங்கள் வாடகைக்கு, கீழே ஹவுஸ் ஓனர் குடும்பம். பையனை அங்கேதான் வளர்த்துப் படிக்க வைத்து சென்னைக்கு அனுப்பினோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை நேராக நிற்கும். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அண்ணாமலையாரைத் தரிசனம் செய்கிற வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மற்றவர்கள் அதற்காக ரயிலேறி வருகிறார்கள்.

வருகிறார்கள் என்றால் சும்மா இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வாசல் எங்களுடையதாக இருக்காது. வண்டி உள்ளே வராது, நாங்கள் வெளியே போக முடியாது. கேட்டைத் திறந்தால் நாலு பேர் பாத்ரூம் கேட்பார்கள், இரண்டு பேர் தண்ணீர் கேட்பார்கள், ஒருவர் செருப்பை விட்டுவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்கம்மா, சுத்திட்டு வந்துடறேன்" என்று போவார். அவர் வந்து எடுக்கும்வரை நான் ஒரு ஜோடிச் செருப்புக்குக் காவல். இந்தக் கூட்டத்தைத் திட்டாத மாதம் கிடையாது. ஆனால் அந்த வீட்டை விட்டுப் போவதைப் பற்றி ஒருநாள்கூட நினைத்ததில்லை.

நினைத்தவர் ஹவுஸ் ஓனர். ஒருநாள் மாடியேறி வந்து, காபி குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்த பிறகு சொன்னார்.

"டீச்சரம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மாடிய ஹோம்ஸ்டேவா மாத்தலாம்னு பையன் சொல்றான். ஒன்னும் அவசரமில்லீங்க. தோதா ஒரு எடம் பாருங்க."

வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு ஹோம்ஸ்டே என்று பெயர் வைப்பதில் ஏதோ இலக்கணப் பிழை இருப்பதாக எனக்குப் பட்டது. ஹவுஸ் ஓனரிடம் இலக்கணம் பேச முடியாது. "பாக்கறோங்க" என்றேன்.

பார்க்கவே இல்லை. அவர் கேட்கும்போதெல்லாம் வேங்கிக்காலில் ஒரு வீடு பார்த்தோம், தண்ணீர் உப்பு என்றேன். இன்னொன்றில் மாடிப்படி செங்குத்து என்றேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தவிர வேறு கட்டடத்துக்குள் நான் நுழைந்ததில்லை. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர். பொய் அவர் வாயில் வராது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்தால் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் வாங்கி வருகிறவர். ஹவுஸ் ஓனர் படியேறும் சத்தம் கேட்டதும் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

இந்த நிலைமையில்தான் பையன் எங்களுக்கு டிக்கெட் போட்டான். "இலங்கையில காலினு ஒரு ஊரும்மா. கோட்டையச் சுத்திக் கடல். நீ நடத்தற ஆளுங்க மூணு பேரும் கட்டினது. பௌர்ணமி கூட்டத்துல மாட்டாம அந்த வாரம் போயிட்டு வாங்க." எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. உலகமே எங்கள் வாசலில் வந்து நிற்கிறது, ஒரு தடவையாவது நாங்கள் போய் இன்னொருவர் வாசலில் நிற்போமே.

கிளம்புகிற அன்று சாவியைக் கீழே கொடுத்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்ற. தெருவில் டிராக்டர் போய்க்கொண்டிருந்தது.

"நாங்க காலிக்குப் போறோங்க. சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

ஹவுஸ் ஓனர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "ரொம்ப சந்தோஷம் டீச்சரம்மா. இவ்ளோ சீக்கிரம்னு எதிர்பாக்கல. எங்க இருந்தாலும் நல்லா இருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் வெளிநாடு போவதில் மனுஷனுக்கு எவ்வளவு பெருமை என்று வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். நாலு நாள் பயணத்துக்கு 'எங்க இருந்தாலும்' என்று ஏன் சொன்னார் என்று எனக்கு உறைக்கவில்லை. வாழ்த்து என்று வந்துவிட்டால் நாம் அதிகம் ஆராய்வதில்லை.

கொழும்பிலிருந்து காலிக்கு ரயில் கடலை ஒட்டியே போகிறது. கோட்டைக்குள் ஓர் ஊரே இருந்தது. தெரு, பள்ளிவாசல், புத்தர் கோயில், மாதா கோயில், கோர்ட்டு, கலங்கரை விளக்கம், எல்லாம் அந்த மதிலுக்குள். நான் கரும்பலகையில் நாலு கோடு போட்டு முடித்துவிடுகிற மதிலின் மேல் ஆட்கள் வரிசையாக நடந்து போகலாம். டச்சுக்காரர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பாதி மார்க்குக் கேள்வியாகவே அவர்களை வைத்திருந்தேன்.

தங்கியது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டில். என் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. தமிழ் பேசினார்கள், ஆனால் வேறு தமிழ். முன்கட்டை வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, குடும்பம் முற்றத்துக்குப் பின்னால் சமையல்கட்டோடு ஒதுங்கியிருந்தது. எங்களுக்குக் கொடுத்த அறையின் கதவு நிலையில், பிள்ளைகள் வளர வளர உயரம் குறித்த கோடுகள் இருந்தன. அதன் பக்கத்தில் வைஃபை பாஸ்வேர்டை ஒட்டியிருந்தார்கள்.

மறுநாள் காலை சாப்பாடு வைத்தபோது அந்தம்மா என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இண்டைக்குப் போயா" என்றார்கள்.

அவர் கையில் எடுத்த இடியாப்பத்தோடு நின்றார். அறைக்குள் வந்ததும் முகம் சிவந்திருந்தது. "நான் என்ன தப்புப் பண்ணேன்? அந்தம்மா என்னப் பாத்துப் போயாங்குது."

விசாரித்தால், அங்கே பௌர்ணமிக்குப் பெயர் போயா. அன்றைக்குத் தீவு முழுவதும் விடுமுறை. பள்ளிக்கூடம், ஆபீஸ் எல்லாம் மூடிவிட்டு ஜனங்கள் வெள்ளை உடுத்திக் கோயிலுக்குப் போவார்கள். கோயில் முடிந்ததும் எங்கே போவார்கள் என்று கேட்டேன். "இங்கதான் வாற. கோட்டைக்கு" என்றார்கள் அந்தம்மா.

பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடியவர்கள் நாங்கள். சாயங்காலம் அந்த மதில் மேல் திருவண்ணாமலையே வந்து இறங்கியதுபோல் கூட்டம். வாண்டுகள், பட்டம், மாங்காய்க் கீற்று, பலூன். என் வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் இடது பக்கமாக ஒதுங்கினார். கோட்டை வலது கைப்பக்கம் வருகிற மாதிரி நடக்க ஆரம்பித்தார். அப்போதுதான் கவனித்தேன், காலில் செருப்பில்லை.

"இது சாமியில்லைங்க, டச்சுக்காரன் கட்டினது" என்றேன்.

"சுத்தறதுன்னு ஆயிடுச்சு. மொறையா சுத்துவோமே" என்றார்.

எதிரே வந்த வெள்ளைக்காரர்களை அப்பிரதட்சிணமாகச் சுற்றுகிறவர்கள் என்று பாவமாகப் பார்த்துக்கொண்டு, கலங்கரை விளக்கம் வந்ததும் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். பழகிய கை. வழியில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, பாத்ரூம் கேட்ட யாரையோ உள்ளே விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். கண்ணாடியில் மாதம் ஒருமுறை பார்ப்பேன்.

சுற்றி முடித்து வந்து முற்றத்தில் உட்கார்ந்தோம். அந்தம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். அப்போது வாட்ஸாப்பில் ஹவுஸ் ஓனர் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, பூட்டத் தொறந்தா சாமானெல்லாம் அப்படியே கீதுங்களே. லாரி எப்ப வருது? பெயிண்டர் வந்து நிக்கிறாரு."

"எதுக்குங்க லாரி? நாங்க காலியில இருக்கோம்."

"காலியில இருக்கறதுன்னா? வீடு காலி இல்லையே."

"காலிங்கறது ஊருங்க. சிலோன்ல."

 அவர் குரல் இறங்கிவிட்டது. "காலி பண்ணிட்டுப் போறோம், சாவி இருக்கட்டும்னுதானேம்மா எனக்குக் காதுல விழுந்துச்சு. நான் நம்பிட்டேன். ஒன்னாந்தேதிலர்ந்து ஆளுங்கள வரச் சொல்லிட்டேன். பையன் போர்டுக்குக்கூடச் சொல்லிட்டான். இப்ப நான் இன்னா பண்றது?"

சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். பாவம், அவர் கெஞ்சினார். உப்புத் தண்ணீர், செங்குத்துப் படி என்று நான் இத்தனை நாள் கட்டிய மதிலுக்கு அந்தக் கெஞ்சலைத் தாங்கத் தெரியவில்லை. "வந்ததும் காலி பண்ணிடறோங்க. சமையல் ரூமத் தவிர மத்தத அடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.  அந்த வீடு என்னுடையது இல்லை என்பது எனக்கு எப்போதும் தெரியும். தெரிந்தும், யாரோ என்னைப் பிடித்து வெளியே தள்ளிய மாதிரி அழுகை வந்தது. தேத்தண்ணியைக் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்தம்மாவுக்கு எங்கள் தமிழ் பாதிதான் புரிந்திருக்கிறது. "ஊட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறீங்களா?" என்றார்கள்.

"ஆமாங்க."

"சொந்த ஊடா?"

கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு வீட்டுக்காரி இன்னொரு வீட்டுக்காரியிடம் கேட்கிற கேள்வி. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பக்கத்தில் அரிச்சந்திரன் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. துண்டு அறைக்குள் இருந்தது. எழுந்து போகவும் வழியில்லை.

"என்ன கலர் அடிக்கிறீங்க?" என்று அந்தம்மா அவரைப் பார்த்துக் கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெளியில வெள்ளை. சமையல் ரூமுக்கு மட்டும் மஞ்சள். லேசான மஞ்சள்தான். ஜன்னல்ல மலை தெரியும், அதுக்கு எடுப்பா இருக்கும்" என்றார்.

எத்தனையோ வருஷமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். அவர் எனக்காகச் செய்ததிலேயே பெரியது அதுதான்.

ஊருக்குத் திரும்பிய வாரமே காலி செய்தோம். வேங்கிக்காலில் வீடு கிடைத்தது. தண்ணீர் உப்பில்லை, படியும் செங்குத்தில்லை. நான் சொன்ன பொய்களில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஏசி தெரிகிறது.

ஒருநாள் காலியிலிருந்து அந்தம்மா வாட்ஸாப்பில் கேட்டார்கள், பெயிண்ட் முடிந்ததா, போட்டோ அனுப்புங்கோ என்று. பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கிரிவலப் பாதைக்குப் போனேன். எதிர்ப்பக்கம் நின்று வீட்டைப் படம் எடுத்தேன். உள்ளே போகிற யாரோ, படத்தை மறைக்கிறோமோ என்று எனக்காகக் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். வெள்ளைச் சுவர், பின்னால் மலை, நன்றாகத்தான் இருந்தது. ஹோம்ஸ்டே போர்டு இருக்கிற பக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "மாஷா அல்லாஹ். நல்ல வடிவான ஊடு. இப்பிடி மலைக்கு முன்னால ஊட்ட வெச்சிக்கிட்டு ஏன் சும்மா இரிக்கிறீங்க? எங்கள மாதிரி வாறவங்களுக்கு உடுங்கோ."

"பார்க்கிறோங்க" என்று எழுதி அனுப்பினேன்.