காரை உருட்டுவோம் என்று சொன்னவன்

வார்த்தை என்னுடையது. வழக்கு பாவா மேல்.

இதை என் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன். நீ காறித் துப்பினாலும் சரி!

பாவா என்றால் அக்காவின் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடிக் கிருத்திகைக்கு வருடம் தவறாமல் பூக்காவடி எடுப்பார். அந்த வருடம் மலையடிவாரத்தில், கூட்டத்துக்குள் ஓர் ஊர்ப் பெரிய மனிதனின் கார் புகுந்தது. இடித்ததில் காவடி சாய்ந்து பூவெல்லாம் தரையில்... அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனான். நசுங்கிய பூவையும் போகிற காரையும் பாவா போனில் பிடித்தார்.

திரும்பும் வழியில் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் உட்கார்ந்தோம்.

“வீடியோவ மட்டும் ஃபேஸ்புக்ல போடறேன்டா. பாக்கறவங்களுக்குப் புரியும்.”

“இன்னா பாவா, பூவ மிதிச்சிட்டுப் போறான், நீ பொம்மை காட்டிகினு கீற? அவனுக்கு, அடுத்த கிருத்திகைக்கு உன் காரை மலைலேர்ந்து உருட்டுவோம், உள்ள நீயும் இருப்பேன்னு எழுது!”

“வாணாம்டா. மெரட்டற மாதிரி கீது.”

“பயந்தாங்கொள்ளி! அக்கா புடவைய வாங்கிக் கட்டிக்கோ.”

சிரித்துக்கொண்டே எழுதினார். நான் சொன்னதை, சொன்னபடியே.

அந்த ஆள் புகார் கொடுத்தான். போலீஸ் விசாரணைக்கு நானும் கூடப் போனேன்.

“யார்யா இத எழுதனது?”

பாவா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தாங்க,” என்றார்.

வெறும் வீடியோவாக இருந்திருந்தால் வழக்கே நின்றிருக்காது என்று வக்கீல் பிறகு சொன்னார். கொலை மிரட்டல் என்று பிடித்தது அந்த ஒரு வரியைத்தான். மிரட்டுகிறவனையும் பொய் பரப்புகிறவனையும் பிடிக்கச் சட்டம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பூவை மிதித்த காரை ஒருவரும் கேட்கவில்லையே! பேச்சுரிமை பற்றி ஆட்டோ ஸ்டாண்டில் இன்றும் வாய் கிழியப் பேசுகிறேன். பேசவேண்டிய அன்று அந்த வாய் எங்கே போனது?

பள்ளிக்கூடத்தில் பாவாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பிழைப்புக்காக அக்காவோடு ஆந்திரப் பக்கம் புத்தூருக்குப் போய்விட்டார். பஸ்ஸில் போகிற தூரம்தான்... வாய்தாவுக்கு வந்தால் கோர்ட்டோடு திரும்பிவிடுகிறார். காவடி எடுக்க வருவதில்லை.

முன்பெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாவாவின் குரல் ஓயாது. கரண்ட் போனால் திட்டு, கிரிக்கெட்டில் தோற்றால் திட்டு, என் ஆட்டோவுக்கும் திட்டு. “இன்னாடா, உன் வண்டி இருமிகினே போவுது, ஆஸ்பத்திரில சேத்துடு!” அந்தப் பழைய பதிவை இப்போதும் போட்டுப் போட்டுக் கேட்கிறேன். அந்தக் குரலுக்காக ஏங்கிக் கிடக்கிறேன்...

இப்போது தினமும் காலையில் அவரிடமிருந்து ஒரு பூப்படம் வருகிறது. ‘காலை வணக்கம்’ என்று படத்திலேயே அச்சடித்தது. அவராக எழுதியது ஓர் எழுத்துக் கிடையாது.

ஒருமுறை, ஒரே ஒருமுறை என்னைத் திட்டிவிடு பாவா!

அதை எழுதி அனுப்ப எனக்குத் துணிவில்லை. நானும் ஒரு பூவைத் தேடி அனுப்புகிறேன்.