கிணற்றடி பல்பும் சித்தியின் செவ்வந்தியும்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு காலத்தில் சூரியன் அஸ்தமித்ததே இல்லை. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு அடுத்தபடியாக ஸ்ரீவராகம் அக்கிரகாரத்தில் அந்தப் பெருமை எங்களுக்குத்தான் இருந்தது.

தெருவில் முதலில் கரண்ட் இழுத்தவர் என் அப்பா. சர்க்கார் கச்சேரி குமாஸ்தாவுக்கு அந்த வயதில் அப்படி ஓர் ஆசை. ஆனால் வீட்டை ஆண்டவள் அவருடைய அக்காவான என் அத்தை. வீட்டுக்குள் கம்பி வந்தால் ஷாக்கும் கூடவே வரும் என்று அவள் சொல்லிவிட்டதால், சமரசமாக ஒரே ஒரு பல்பு கிணற்றடித் தூணில் ஏறியது.

ஏறியது இறங்கவில்லை. அத்தையின் ராஜ்யத்தில் விளக்கை யாரும் ஊதி அணைக்கக் கூடாது, குளிரவைக்க வேண்டும். அதாவது, திரியில் ஒரு பூவை வைத்து மெல்ல அமர்த்த வேண்டும். பல்பில் திரி எங்கே, பூவை எங்கே வைப்பது? அப்பா ஒருநாள் துணிந்து சுவிட்சைத் தட்டினார். அத்தை பார்த்தாள். அப்பா திரும்பவும் தட்டினார். அதன்பின் இரவும் பகலும் பல்பு எரிந்தது, மீட்டர் ஓடியது, அப்பா பெருமூச்சு விட்டார்.

எனக்கோ அது ஒரு சொப்பன லோகம். படுக்கப் போகும்முன் கொல்லை வாசலில் நின்று பார்ப்பேன். ஈசல்கள் பொன்தூளாகச் சுழலும். தென்னை ஓலைகள் தண்ணீருக்கடியில் அசைவதுபோல அசையும். கொல்லை முழுவதும் தூக்கம் வராமல் எதையோ நினைத்துக்கொண்டு படுத்திருப்பதாகத் தோன்றும்.

பல்பு வந்த மாதம்தான் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சித்தியும் திருநெல்வேலியிலிருந்து வந்தாள். பல்புக்குக் கிடைத்த வரவேற்பு கொஞ்சம் கூடுதல் என்று ஞாபகம். ஈரச் சாக்கில் சுற்றிச் செவ்வந்திக் கன்றுகள் கொண்டுவந்திருந்தாள். பாதியை அடுத்த வீட்டு மாமிக்குக் கொடுத்துவிட்டு, மீதியைக் கிணற்றடியைப் பார்த்த தன் அறை ஜன்னலுக்குக் கீழே பாத்தி கட்டி நட்டாள்.

கார்த்திகையில் மாமி வீட்டுக் கொல்லை மஞ்சளாகிவிட்டது. எங்கள் வீட்டில் இலை. செழிப்பான, கரும்பச்சையான, என் இடுப்பளவு இலை. ஒரு மொட்டுக்கூட இல்லை.

வைத்தியம் தொடங்கியது. சாணம், வேப்பம் பிண்ணாக்கு, காப்பிப் பொடிச் சக்கை. சக்கையைச் சுமந்து போய்க் கொட்டும் உத்தியோகம் என்னுடையது. அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர், விழிஞ்ஞம் கடற்கரைச் சாளை மீனைப் புதைத்தால் செடி சிரிக்கும் என்றாராம். அக்கிரகாரத்தில் வேறு பலரும் சிரிப்பார்கள் என்று அப்பா அந்த யோசனையை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுவருஷமும் கார்த்திகை வந்தது. மறுபடியும் இலை.

இதற்குள் சித்தி வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, ஒரு விசேஷமும் இல்லை என்ற பேச்சு வீட்டில் புழங்க ஆரம்பித்திருந்தது. செடி அதற்குச் சாட்சியாக வந்து நின்றது.

"ஒரே தாய்ச்செடி. அங்கே பூக்கறது, இங்கே பூக்கலை. மண்ணைக் குத்தம் சொல்ல முடியாதாக்கும். நட்ட கையைத்தான் சொல்லணும்" என்றாள் அத்தை, சித்தி காதில் விழும் தூரத்தில்.

சுசீந்திரத்தில் சித்தப்பாவுக்கு இன்னொரு பெண் இருப்பதாகவும், ஜாதகம் கேட்டால் தருவார்கள் என்றும் அத்தை அப்பாவிடம் சொன்னபோது, அப்பா மோட்டுவளையை ஆராய்ந்தார். பள்ளிக்கூட வாத்தியாரான சித்தப்பா, வகுப்புக்கு வெளியே வாயைத் திறக்காதவர், அப்போதும் திறக்கவில்லை. சித்தி வாளியை எடுத்துக்கொண்டு பாத்திக்குத் தண்ணீர் விடப் போனாள். ஏற்கெனவே மழை பெய்து தண்ணீர் தேங்கியிருந்தது.

சித்தியிடம் ஒரு மறதி இருந்தது. அந்த வருஷம் ஐப்பசி முதலே, கூரை விளிம்பில் இறவாணத்துக் கொடியில் தன் அரக்குப் புடவையை அந்தியில் விரித்துப் போடுவாள், எடுக்க மறந்துவிடுவாள். விளக்கேற்றின பிறகு துணி வெளியே கிடக்கலாமா என்று அத்தை தினமும் திட்டுவாள். சித்தி தினமும் "மறந்துட்டேன் அக்கா" என்பாள்.

மார்கழியில் ஒருநாள் நான் சக்கை கொட்டப் போனேன். பாத்தியின் நடுவில், ஜன்னலுக்கு நேர் கீழே, மொட்டுகள். அங்கே மட்டும். இரண்டு பக்கமும் பழையபடி இலைக்காடு. நான் போட்ட கூச்சலில் வீடே கூடிவிட்டது.

சில நாளில் அவை விரிந்தன. அன்று அந்தியில் சித்தப்பா பாத்திக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். எரிகிற பல்பைப் பார்த்தார். கொடியில் தொங்கிய புடவையைப் பார்த்தார். பாத்தியில் விழுந்திருந்த அதன் நிழலைப் பார்த்தார். நிழல் எவ்வளவோ, பூ அவ்வளவு, கத்தரித்து வைத்தாற்போல.

சித்தப்பா ஒரு பூவைப் பறித்தார். நேராகச் சுவிட்சுப் பலகைக்குப் போனார்.

"என்னடா பண்றே?" என்றாள் அத்தை.

"விளக்கைக் குளிரவைக்கப் போறேன் அக்கா" என்று சொல்லி, பூவைச் சுவிட்சின்மேல் பக்தியோடு ஒற்றி, விரலால் கீழே தட்டினார்.

அத்தை வாயைத் திறந்தாள். பூ இருந்தது, ஊதவும் இல்லை. சாஸ்திரத்தில் ஓட்டை அகப்படாமல் மூடிக்கொண்டாள். பல்பு வந்தபின் எங்கள் கொல்லையில் அன்றுதான் முதல்முறையாக இருட்டைப் பார்த்தேன். கிணற்றுக்கு மேலே அத்தனை நட்சத்திரம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

சித்தி மெல்ல வந்து புடவையை உருவி மடித்துக்கொண்டாள்.

சில செடிகளுக்கு இடையூறில்லாத நீண்ட இருட்டு வேண்டும் என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். இலைதான் இருட்டை அளந்து நுனிக்குச் சேதி அனுப்புகிறதாம். சேதி வந்த பிறகே நுனி, இலை போடுவதை நிறுத்திப் பூப்போட ஒப்புக்கொள்கிறதாம். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. என் காப்பிச் சக்கைதான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த கார்த்திகையில் பாத்தி முழுவதும் பூத்தது. சித்தியின் அறையில் தொட்டிலும் கட்டினார்கள். சுசீந்திரம் பற்றிய பேச்சு அத்தைக்கே மறந்துபோயிற்று.

தொட்டிலை ஆட்டிக்கொண்டு சித்தியிடம் ஒருநாள் கேட்டேன்: "அந்தப் புடவையை ஏன் சித்தி தினமும் அங்கேயே போட்டே?"

"காயறதுக்குத்தான்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

நான் நம்பினேன். அந்த ஐப்பசி முழுவதும் மழை கொட்டியது நினைவிருந்தும் நம்பினேன். புடவைக்குப் பின்னால் பூ மட்டுமில்லை, ராத்திரி முழுவதும் வெளிச்சம் விழுந்த ஒரு ஜன்னலும் இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.