தார் றோட்டில் விழாத கோடு

1. அப்பா விடியற்புறம் வவுனியாவிலிருந்து வானை எடுத்தார். கிளிநொச்சிக்குப் போகிற ஆட்களால் வான் நிறைந்திருந்தது.
2. முறிகண்டியில் நிறுத்தி, கோயிலில் தேங்காய் உடைத்து, முகம் கழுவி, தேநீர் குடித்தார்.
3. அங்கிருந்து புதிதாகத் தார் போட்ட றோட்டு. வான் வேகமாகப் போனது.
4. இடது பக்கப் பற்றைக்குள்ளிருந்து மாடுகள் றோட்டுக்கு ஏறின.
5. சைக்கிளில் பால் கொண்டு போன ஒருவர் மாடுகளுக்கு விலத்தி நடு றோட்டுக்கு வந்தார்.
6. அப்பா பிரேக் பிடித்தார்.
7. வான் சைக்கிளை இடித்தது. பால்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.
8. றோட்டில் ரயர் இழுபட்ட கோடு எதுவும் இல்லை.

ஆறாவதை அப்பா மட்டும்தான் சொன்னார். எட்டாவதை ஊரே பார்த்தது. முன் இருக்கையில் இருந்த ரீச்சர், இடிபட்ட சத்தத்தில்தான் தான் கண் விழித்ததாகச் சொன்னா. பின்னால் இருந்தவர்கள் முன்னுக்குத் தள்ளுப்பட்டிருந்தார்கள். அது இடித்ததாலா, பிரேக் பிடித்ததாலா என்று அவர்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் விபத்து நடந்தால் ஆட்கள் முதலில் றோட்டைத்தான் பார்ப்பார்கள். நீளமான கறுப்புக் கோடு இருந்தால் சாரதி தன்னாலானதைச் செய்தான். கட்டைக் கோடு என்றால் பிந்திக் கண்டான். கோடே இல்லையென்றால் நித்திரை, அல்லது குடிவெறி. இதில் யாருக்கும் இரண்டாவது அபிப்பிராயம் இருந்ததில்லை, அப்பாவுக்கும் இல்லை. ஒரு முறை பரந்தன் பக்கத்தில் லொறி ஒன்று மதகில் மோதியபோது, குனிந்து பார்த்துவிட்டு "இவன் பிடிக்கேல்லை" என்று சொன்னவர் அவர். அந்தச் சாரதிக்கு அதற்குப் பிறகு யாரும் வாகனம் கொடுக்கவில்லை.

அதனால்தான் அவர் உடைந்துபோனார் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சொன்னதால் அல்ல. அவரே திரும்பிப் போய் அந்த இடத்தில் நின்று தேடினார். வெறும் றோட்டுத்தான் கிடந்தது. நான் செய்தி கேட்டு தர்மபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். சாப்பாடு மூடியபடி கிடந்தது.

"நான் பிடிச்சனான் தானே, பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

நான் அந்த வானில் இருக்கவில்லை. என்னிடம் அதைக் கேட்க வேண்டி வந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் அப்போது வவுனியாவில் வாகன மின்னியல் படித்து முடித்து, ஒரு கராஜில் டைனமோவும் ஸ்ராட்டரும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளை பொனற்றுக்குள் தலையை விடுவதைப் பார்க்கவென்றே சிலர் வாகனத்தைக் கொண்டுவந்து விடுவார்கள். அப்பா வானைக் கொண்டுவந்தால் நான்தான் பார்ப்பேன்.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த பிறகு வந்த வாகனம் அது. ஜப்பானில் ஓடிப் பழசாகி, கொழும்பில் கப்பலால் இறங்கி, நானாவின் கைக்கு வந்தது. வானின் சொந்தக்காரரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். முல்லைத்தீவிலிருந்து வெளியேற வேண்டி வந்து, புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, வவுனியாவில் திரும்பக் கடை போட்ட முஸ்லிம் வியாபாரி. பழைய பழக்கத்தில் அப்பாவைத் தேடிப்பிடித்துத் திறப்பைக் கொடுத்தார். அப்பா அதுவரை ஓட்டியதெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய கார்கள். பொருளாதாரத் தடையால் பிரேக் ஒயில் வன்னிக்குள் வராத வருடங்களில், ஒழுகுகிற பிரேக்கோடு அவர் பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். அந்தக் கார்களில் பெடலை ஒரே மிதியாக மிதித்தால் ஒன்றில் கால் தரைவரைக்கும் போகும், அல்லது சில்லு இறுகி வண்டி குறுக்கே திரும்பும். காலை எடுத்து எடுத்துக் குத்திப் பிடிக்க வேண்டும். அந்தக் கால் பழக்கத்துக்காகவே அப்பாவைக் கேட்டு வந்தார்கள்.

இந்த வான் வேறு மாதிரி. பெல்ட் போடாவிட்டால் கத்தும். பின்னுக்கு எடுத்தால் கத்தும். திறப்பைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பான் பாசையில் ஏதோ சொல்லும். அவா என்ன சொல்கிறா என்று ஏறுகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். வீட்டுக்கு நேரத்துக்கு வரட்டாம் என்று அப்பா சொல்லுவார். ஸ்டியரிங்குக்குள் காற்றுப்பை இருப்பதை நான் சொன்னபோது, அவர் கொஞ்ச நாள் அதிலிருந்து தள்ளியே இருந்து ஓடினார். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள தட்டில் வந்து மறைகிற விளக்குகளுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் சொன்னேன். ஏ.பி.எஸ். என்று எழுதிய விளக்குக்கு வந்ததும், பிரேக்குக்கு ஒரு சின்னக் கொம்பியூட்டர் இருக்கிறது என்றேன்.

"பிரேக் பிடிக்க எனக்குக் கால் இருக்கு" என்றார்.

எனக்கும் அதற்கு மேல் பெரிதாகத் தெரியாது. கல்லூரியில் அந்த அமைப்பு பூட்டிய வாகனம் இருக்கவில்லை. விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு சில்லைக் கீறிக் காட்டினார், அவ்வளவுதான்.

விபத்து விசாரணை, ஊர்ப் பிணக்குகளைத் தீர்க்கிற இணக்கசபைக்கு வந்தது. வாசிகசாலையில் கூடினார்கள். தலைவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், நிதானமான மனுசன். பால்காரரின் தம்பி சுவரோடு நின்றார், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. தனக்கு நட்டஈடு வேண்டாம், அண்ணன் எப்படிச் செத்தார் என்ற உண்மை மட்டும் வேண்டும் என்றார். நித்திரை கொண்டுவிட்டேன் என்று இந்த மனுசன் சொல்லட்டும், தான் எழும்பிப் போகிறேன் என்றார். அப்பா, தான் நித்திரை கொள்ளவில்லை, பிரேக் பிடித்தேன் என்று அதே வசனத்தையே திரும்பவும் சொன்னார்.

"பிடிச்சிருந்தா கோடு எங்க?" என்று தம்பி கேட்டார்.

அப்பாவிடமும் அதே கேள்விதான் இருந்தது.

நானா ஒரு மெக்கானிக்கைக் கொண்டு பிரேக் முழுவதையும் கழற்றிப் பார்த்திருந்தார். நானும் பார்த்தேன். ஒயில் மட்டம் சரி, பிரேக் கட்டை சரி, குழாய்களில் ஒழுக்கில்லை. நானா அதைச் சபையில் சொல்ல விரும்பாமல்தான் சொன்னார்.

"அண்ணன், நீங்க பொய் சொல்ற ஆளில்ல. வாகனத்திலயும் பிழையில்ல. அப்ப பிழை எங்க இருக்கு?"

அப்பாவின் சாரதிப் பத்திரத்தைத் தலைவர் வாங்கி வைத்துக்கொண்டார். முடிவை அடுத்த கூட்டத்தில் சொல்வதாகச் சொன்னார். முடிவு என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் வீட்டில் அப்பாவிடம் கேட்டேன், மிதித்தபோது காலுக்கு என்ன தெரிந்தது என்று. யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அவர் யோசித்தார். பெடல் உதைத்தது என்றார். கல்லு அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம், காலுக்குக் கீழே நடுக்கம். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தாராம்.

கரும்பலகையில் கீறிய சில்லு எனக்கு அப்போதுதான் விளங்கியது. சடுதியாக மிதித்தால் சில்லு இறுகி நிற்கும். இறுகிய சில்லு உருளாமல் இழுபடும். அந்த இழுபாடுதான் றோட்டில் கறுப்புக் கோடு. இந்த அமைப்பு சில்லை இறுக விடாது. இறுகப் போகிறது என்று கண்டதும் பிடியைத் தளர்த்தி, உடனே திரும்பப் பிடிக்கும். கண் மூடித் திறப்பதற்குள் பல தடவை செய்யும். அப்பா காலால் செய்துவந்ததை அது அவரைவிட வேகமாகச் செய்கிறது. பெடலில் தெரிகிற உதைப்பு அதுதான். உடைந்ததன் அடையாளம் இல்லை, வேலை செய்வதன் அடையாளம்.

அப்பாவிடம் சொன்னேன்: இந்த வான் கோடு கீறாது, அப்பா. எவ்வளவு மிதித்தாலும் கீறாது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றும் மூடியபடி கிடந்த சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது, பரந்தன் லொறிச் சாரதியின் வீடு எங்கே என்று அம்மாவிடம் விசாரித்தார்.

இதற்கு மறுபாதி ஒன்று இருந்தது. அமைப்பு வேலை செய்துகொண்டிருக்கும்போது காலை எடுத்தால், அது பிடிப்பதற்கு எதுவும் இல்லை. அவர் பெடல் உதைத்த பிறகு என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய கால் பழக்கம் எனக்குத் தெரியும்.

சபைக்கு வாய்ப்பேச்சு போதவில்லை. பிள்ளை படித்தது வயர் பூட்டவா, வழக்குப் பேசவா என்று ஒருவர் கேட்டார். கோடு கீறாத பிரேக் என்றால் அது பிரேக்கே இல்லை என்றார் இன்னொருவர். தலைவர் மட்டும், செய்து காட்ட முடியுமா என்றார். செய்து காட்டினால், பிரேக் பிடித்ததாக எழுதுவாராம். அப்பா எனக்கு முந்தி, முடியும் என்றார்.

அதே றோட்டில் காலையில் வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மற்ற வாகனங்களை மறித்தார்கள். அப்பா தான் பிரேக் மிதித்த இடத்தைக் காட்டினார். அதில் ஒரு கல்லு வைத்தோம். பால்காரர் விழுந்த இடத்தைத் தம்பி காட்டினார். அவரே ஒரு பாலை மரக் கொப்பை முறித்துக்கொண்டுவந்து குறுக்கே போட்டார். வானை ஓட்டியது நானாவின் மருமகன். வாயாடி. வான் உடைந்தால் நானா தன்னை உடைப்பார் என்றும், தான் இன்னும் கலியாணம் கட்டவில்லை என்றும் சொல்லிக்கொண்டு ஏறினான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லை. யன்னலடியில் போய் நின்றேன். அப்பா எனக்குப் பின்னால் நின்றார்.

"கல்லடிக்கு வந்ததும் முழுப் பலத்தோட மிதியுங்கோ. பெடல் திருப்பி உதைக்கும். உடைஞ்ச மாதிரிச் சத்தம் வரும். என்ன நடந்தாலும் காலை எடுக்காதேங்கோ."

"எடுத்தா?" என்றான்.

"எடுக்காதேங்கோ."

திரும்பியபோது அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு றோட்டைப் பார்த்தார்.

வான் தூரத்தில் போய்த் திரும்பி வந்தது. அப்பா ஓடிய வேகம் என்று அவர் சொன்ன அதே வேகம். கல்லடியில் வானின் மூக்குக் கீழே குத்தியது. அரைபடுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. நின்றது.

தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, சில்லுக்குப் பின்னால் நடந்து பார்த்தார். விரலால் தாரைத் தடவினார். மற்றவர்களும் குனிந்தார்கள். அங்கே கோடு இல்லை. இரண்டாம் முறையும் ஓடச் சொன்னார்கள், அப்போதும் இல்லை. ஓம், பிள்ளை சொன்னது சரி என்று தலைவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நானா அப்பாவின் தோளில் கை வைத்தார்.

தம்பி மட்டும் சில்லுக்குப் பின்னால் பார்க்கவில்லை, முன்னால் பார்த்தார். வானின் மூக்குக்கும் பாலைக் கொப்புக்கும் இடையில் வெறும் றோட்டுக் கிடந்தது. ஒரு மாட்டு வண்டில் தாராளமாகக் குறுக்கே போகக்கூடிய இடம். அவர் அதில் நடந்து போய்க் கொப்படியில் நின்றார்.

"அப்ப இது நிக்கிற வாகனம்தானே" என்றார். "அண்டைக்கு ஏன் நிக்கேல்லை?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் பதில் இருந்தது. தொழில்நுட்பமாக, யாரையும் குறை சொல்லாமல் சொல்லக்கூடிய வசனங்களைக்கூட நான் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

அப்பா முந்திவிட்டார்.

"நான் காலை எடுத்தனான், தம்பி. உதைச்சது, உடைஞ்சிட்டுது எண்டு நினைச்சன். எடுத்து எடுத்துக் குத்திப் பிடிச்சன். அப்பிடித்தான் நான் பிடிக்கிறது."

தம்பி கோபப்படுவார் என்று நினைத்து நானா நடுவில் போனார். அவர் கோபப்படவில்லை. கொப்பை இழுத்து றோட்டோரத்தில் போட்டுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் கேட்ட உண்மை அவருக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு நாங்கள் பஸ்ஸில் போனோம். வானில் கொண்டுபோய் விடுவதாக நானா சொன்னதை அப்பா மறுத்துவிட்டார். பஸ்ஸுக்குள் யன்னல் பக்கம் இருந்தார். தர்மபுரம் வரப்போகிறபோது, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உனக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம்."

"நல்லது" என்றார்.

அப்பா பொய் சொல்லவில்லை என்பதை நிரூபிக்க வேறு ஏதாவது வழி இருந்ததா என்று நான் பல தடவை வரிசைப்படுத்திப் பார்த்திருக்கிறேன். விரிவுரையாளரைக் கூப்பிட்டிருக்கலாம். சபை நம்பியிராது. வேறொரு வானை வேறொரு றோட்டில் ஓட்டிக் காட்டியிருக்கலாம். அதுவும் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றிருக்கும், அப்பாவும் பார்த்திருப்பார். ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால், நித்திரை கொண்டு ஆளைக் கொன்றவர் என்ற பெயரோடு, நான் பிரேக் பிடித்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு இருந்திருப்பார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதே மனிதர் அதே கதிரையில் இருக்கிறார்.

சபை, சாரதி பிரேக் பிடித்தார், கவனக்குறைவு இல்லை, வாகனத்தின் தன்மை புதியது என்று எழுதியது. பத்திரம் திரும்பி வந்தது. அம்மா அதை அலுமாரிக்குள் வைத்தா. நானா வேறு வாகனம் தருவதாக இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டாம் முறை அப்பா வெளியில் வரவில்லை.

இப்போது நிலைமை இது. திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியிருக்கிறது. வானும் நானாவும் ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம், கிளிநொச்சியில் ஒரு கராஜில் பற்றரி வேலை செய்கிறேன். பால்காரரின் மனைவி மாடுகளைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, பூநகரியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டா என்று கேள்வி. அப்பா தோட்டம் செய்கிறார், மிளகாயும் கத்தரியும். அன்றைக்குப் பிறகு அவர் எந்த வாகனத்தையும் ஓட்டவில்லை.