பொன்னேரி பாய் வீட்டு வயர்லெஸ் பெட்டி

பழைய வயர்லெஸ் பெட்டி தேடி அலைகிறவனை ஊர் இரண்டு விதமாகத்தான் பார்க்கும். ஒன்று, போலீஸ் ஆள். இல்லையென்றால் மறை கழன்ற கேஸ். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்த எனக்கு இரண்டாவது பெயர்தான் நிலைத்தது. பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டு மாடியில் கம்பி கட்டி ஊர் ஊராகப் பேசுகிற பொழுதுபோக்கு இது என்று நான் விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆளாளுக்கு செல்போன் வாங்க ஆரம்பித்திருந்த காலம் வேறு. "அதான் செல்லு வந்துட்சே, இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று கேட்காத ஆள் எங்கள் ஷிஃப்டில் இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் சங்கடம் வேறு. கையில் லைசென்ஸ் இருந்தது, பேசுவதற்கு செட் இல்லை. புதிதாக வாங்க எனக்கு வக்கும் இல்லை. பொன்னேரியில் ஒரு பாய் இறந்துபோனார், அவர் வீட்டில் ஜப்பான் செட் ஒன்று சும்மா கிடக்கிறது என்று பழைய சாமான் வியாபாரி ஒருவர் சொன்னதும், அரை நாள் லீவு போட்டுவிட்டு மின்சார ரயில் ஏறினேன்.

பாய் பழவேற்காட்டுக்காரர். அங்கே கருவாட்டு வியாபாரம் பார்த்துவிட்டு, வயசான பிறகு பொன்னேரிக்குக் குடிவந்தவர். அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார்.

"ரேடியோ பொட்டிக்கா வந்தே? எத்துனு போ தம்பி. என் கண்ணுல படாம இருந்தா சரி."

விலை பேசுவதற்கு முன்பே அவர் மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். "இருபது வருசம் தம்பி. காலீல எய்ந்தா நாஷ்டா கூட துன்ன மாட்டாரு. மைக்க புட்ச்சிக்கினு ரேடியோவுல பேசற அந்த ஆளுங்ககூட ஒரே சிரிப்பு. கடைசி ஒரு வருசம் வாயே தொறக்கல. மைக்கு மடியில கெடக்கும், சும்மா கேட்டுக்கினு குந்தினு இருப்பாரு. இன்னான்னு கேட்டா ஒண்ணுமில்லன்னுவாரு. நெஞ்சு வலி வந்து சீக்காளி ஆயிட்டான்னு ஒதுக்கிட்டாங்க, வேற இன்னா? அவரு மவுத்தானப்போ ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து எட்டிப் பாத்தானா? என் வயிறு எரியுது தம்பி."

அந்த ஆட்களை எனக்கும் தெரியாது. அந்த அம்மாவும் அவர்கள் குரலைக் கேட்டதில்லை. வீட்டில் யாருக்கும் தொந்தரவு கூடாது என்று பாய் எப்போதும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் கேட்பாராம். பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கனம் என்றால் அப்படி ஒரு கனம்.

மாதக்கணக்கில் சும்மா கிடந்த செட்டை எடுத்த எடுப்பில் கரண்டில் செருகினால் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோர்த்து, கொஞ்சமாகக் கரண்ட் காட்டி மெல்ல எழுப்ப வேண்டும். ஊதிப்போயிருந்த கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினேன். தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன். கேட்கிற பக்கம் உயிரோடு இருந்தது. ஸ்பீக்கரில் உஸ்ஸென்று சத்தம் வந்ததும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர் ஓடிவந்தார்.

பிறகு பேசுகிற பக்கத்தைத் திறந்தேன். நம் குரலை வெளியே அனுப்புவது பல்பு மாதிரியான இரண்டு பெரிய கண்ணாடி வால்வுகள். ஒன்று போனாலும் குரல் போகாது. நல்ல வால்வுக்குள் மேற்புறம் ரசம் பூசியது போல் பளபளப்பாக இருக்கும். கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அது பால் மாதிரி வெளுத்துவிடும். இரண்டில் ஒன்று வெள்ளை வெளேரென்று இருந்தது.

அட, பாவி மனுஷா! அவர் வாய் மூடியதற்கு அவர்கள் காரணமில்லை. கடைசி ஒரு வருஷம் பாய் பேசியிருந்தாலும் ஒரு சொல் கூட வாசலைத் தாண்டியிருக்காது. நெஞ்சு வலிக்காரர், வால்வு தேடிப் பட்டணம் போக முடியவில்லை. யாரிடமும் உதவி கேட்கிற ஆளும் இல்லை போலிருக்கிறது.

பட்டணத்தில் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு ஜோடி வால்வு பிடித்து மாட்டினேன். ஆனால் ஆலையை ஒட்டிய என் அறையில் சோதித்துப் பார்க்க முடியாது. எங்கள் ஆலையின் உலைகள் ஓடுகிற வரைக்கும் ரேடியோவில் கர்ரென்ற இரைச்சல் தவிர ஒரு மண்ணும் கேட்காது. பொன்னேரி வீட்டு மாடியில் பாய் கட்டிய கம்பி இன்னும் அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியோடு மறுபடி போய் நின்றேன்.

"திரும்ப எதுக்கு எத்துனு வந்தே?"

வெளுத்த வால்வைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, பொட்டி ரிப்பேரு. அவங்களாச்சும் தேடியிருக்கணுமில்ல?" என்றார். நியாயமான கேள்விதான். கம்பியைச் செருகி, ஸ்பீக்கரைப் போட்டேன்.

காலையில் தமிழில் பேசுகிறவர்கள் கூடுகிற நேரம் அது. நடத்துகிறவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார், இருக்கிறவர் பதில் சொல்வார். மதுரை வாத்தியார் வந்தார். சேலத்து டாக்டர் வந்தார். அடுத்து நடத்துகிறவர் குரல், "பொன்னேரி பாய்... பொன்னேரி பாய், இருக்கீங்களா?" என்றது. கொஞ்சம் காத்திருந்தது. "இன்னைக்கும் இல்ல. தினமும்தான் கூப்பிடறோம், மனுஷனுக்கு என்ன கோவமோ தெரியல. சரி, அடுத்து..."

அந்த அம்மா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "தெனமும் கூப்டாங்களா?"

"ஆமாம்மா."

"இது அவரு காதுல வுழுந்துதா?"

"விழுந்திருக்கும்மா."

"யா அல்லா! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பட்டணம் போயி அந்தக் கண்ணாடிய வாங்கினு வந்திருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம்?

என் முதல் பேச்சு இப்படி அமையும் என்று நான் நினைத்ததில்லை. என் அடையாளத்தைச் சொல்லி, பாய் வீட்டிலிருந்து பேசுகிறேன், பாய் தவறிவிட்டார் என்றேன். மதுரை வாத்தியார்தான் முதலில் வந்தார். "ஒரு நாள் அவரைக் கேலி பண்ணேன் தம்பி. அதுக்கப்புறம் அவர் வரவே இல்ல. என் மேலதான் கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். லைசென்ஸ் இல்லாதவர் பேசக் கூடாதுதான். சட்டம் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று மைக்கைக் கொடுத்தேன். எங்கே அழுத்த வேண்டும் என்று கேட்டார். காட்டினேன்.

"அவருக்கு யாரு மேலயும் கோவமில்ல. பொட்டிதான் ஊமையாப் போச்சு. நீங்க கூப்டத அவரு தெனமும் கேட்டுக்கினுதான் இருந்தாரு."