படியில் வைத்த கொடுவா மீன்

பீடத்துப் படியில், பூசணிக்காய்க்கும் நெற்கட்டுக்கும் நடுவே, ஈரம் சொட்டும் ஓலைக் கூடையில் ஒரு கொடுவா மீன். ஐம்பதுகளில் ஓர் அறுப்பின் பண்டிகையன்று, செங்கல்பட்டில் எங்கள் கோயிலில் சிறுமியாக நான் பார்த்தது. விளைந்ததில் முதலாவதைக் கர்த்தருக்குக் கொண்டுவாருங்கள் என்று முந்தின வாரம் போதகர் சொல்லியிருந்தார். மீன்காரம்மாவுக்கு ஏது வயல்? கடல் கொடுத்ததைக் கொண்டுவந்து வைத்தார்.

மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் தெருவில் மீன் விற்பவர் அவர். கோயில் வாசலில் கூடையை இறக்கிவைத்துப் பாட்டுக் கேட்கப்போய், ஜெபமெல்லாம் மனப்பாடமாகி, அந்தப் பண்டிகையன்று ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அதற்காகவே குப்பத்துச் சொந்தங்கள் அவரைத் தள்ளிவைத்திருந்தன. இங்கே சேர்த்துக்கொள்வோம் என்று நம்பி, பாவம், புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

என் அப்பா சபை மூப்பர். மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து மீன்காரம்மாவிடம் போனார்.

"கோயிலுக்குள்ள இன்னா கவுச்சி இது? எடுத்துகினு போய் வேப்பமரத்தாண்ட வையி. நீயும் அங்கயே குந்து, கூப்பிடுறோம்."

மீன்காரம்மா போதகரைப் பார்த்தார். அவர் வேதாகமத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அதே படியில் கட்டிப்போட்ட சேவல் எச்சமிட்டு வைத்திருந்தது, அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது பழைய குடும்பத்துச் சேவலாயிற்றே!

"இன்னா மூப்பரே, நேத்து உன் வூட்டுச் சட்டிக்கு ஆன மீனு, சாமிக்கு ஆவாதா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். கூடையை எடுத்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் நிற்காமல், நேரே வெளியே போய்விட்டார். "வாய்க்கொழுப்பப் பாத்தியா!" என்றார் அப்பா. பிறகு வழக்கம்போல, காணிக்கையாக வந்த பூசணியும் சேவலும் சிரிப்பும் கும்மாளமுமாக ஏலம் போயின.

மத்தியானம் வீட்டில் முந்தின நாள் மீன்குழம்பு. அவர் விற்றுவிட்டுப் போன மீன். சுண்டின குழம்புக்கு ருசியே தனி என்று அப்பா விரலை நக்கினார். நானும் மறுசோறு கேட்டு வாங்கினேன். அதன்பின் அவர் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. குப்பம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதா, தெரியாது. பஸ் ஏறிப் போய் விசாரிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அந்தப் படிக்குப் பளிங்கு போட்டாயிற்று. மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னலில் இயேசுவின் சீடர்கள் வலையை இழுக்கிறார்கள், வலை கொள்ளாத மீன். எங்கள் குடும்பம் கொடுத்த ஜன்னல், கீழே அப்பாவின் பெயர் இருக்கிறது. படியில் முழங்கால் போட்டால் என்னால் தலை நிமிர்ந்து அதைப் பார்க்க முடிவதில்லை.