பெஞ்சமினின் காது

செய்தி வந்தபோது நான் வஞ்சிரம் கழுவிக்கொண்டிருந்தேன். கோவளத்திலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிறவர் அன்றைக்கு நல்ல மீனாகக் கொடுத்திருந்தார். மைக் செட் வேலை பார்க்கிற பாஸ்கர் போன் செய்தான். "அம்மா, சார் பூட்டாரும்மா. காலைல குளிக்கப் போனவரு வுயுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சி" என்று அழுதான். நான் மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவி, மூடி வைத்துவிட்டுத்தான் சேலையூரிலிருந்து பெருங்களத்தூருக்குப் புறப்பட்டேன். இறந்தவர் என் கொழுந்தன் பெஞ்சமின். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பெண்ணை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர். அவருக்காக மீனைக் கெடவிட எனக்கு மனம் வரவில்லை.

அடக்கத்தன்று பேசியவர்கள் தங்கமான மனிதர் என்றார்கள். யார் மனதையும் நோகடிக்காதவர் என்றார்கள். அப்படிப் பேசியவர்களில் பாதிப் பேரை அவர் மைக்குக்கு முன்னால் நிற்கவைத்து அழவைத்திருக்கிறார். எல்லாருக்கும் அது தெரியும். பெஞ்சமினின் மனைவி, என் ஓர்ப்படி ரெஜினா, நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்கக்கா" என்றாள். என்னிடம் இருப்பதைத்தான் நான் எழுத முடியும்.

நல்லதையே முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்திலிருந்து படப்பை வரை எந்தக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போட்டவர் அவர். அந்தக் காலத்தில் அவருக்கு இருந்த காது வேறு யாருக்கும் இல்லை. கோவளத்தில் ஒரு மாதா திருவிழா. பெரிய பாடகர் குழு, கூடவே ஆர்மோனியம், கடற்காற்று வேறு. பாட்டின் நடுவில் பெஞ்சமின் மைக்கை எடுத்து, "கடைசி வரிசை மஞ்சச் சட்டை, நீ வாயை மட்டும் அசைச்சா போதும்" என்றார். அது கடற்கரை முழுக்கக் கேட்டது. ஏலம் போட்டுக்கொண்டிருந்த மீன்காரம்மாக்கள் ஏலத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் அதற்குப் பிறகு கோயிலில் பாடவே இல்லை. ஆனால் சுருதி தப்பியது அவர்தான். அத்தனை குரலில் அந்த ஒன்றைக் கண்டுபிடித்த காது அது.

அடுத்தது என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த நாள். கல்லறையில் சாமியாருக்காக மைக் போட்டிருந்தது. சொந்த அண்ணனின் சாவுக்கும் பெஞ்சமின்தான் மைக் செட். பெட்டியைக் குழியில் இறக்கும்போது நான் வாய்விட்டு அழுதேன். ஸ்பீக்கர் கீச்சென்று ஊளையிட்டது. அவர் என் தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். "அண்ணி, கொஞ்சம் தள்ளி நின்னு அழுங்க. மைக்குல ஹவுலிங் வருது" என்றார். நான் தள்ளி நின்று அழுதேன். அந்த இடத்திலிருந்து குழி தெரியவில்லை.

இதையெல்லாம்கூட நான் விட்டிருப்பேன். ஜோசி விஷயத்தைத்தான் விடவில்லை.

ஜோசி என் மகள். படிப்பு முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ராக் பாண்டில் பாடினாள். கிடாரைக் கதறவிட்டு, டிரம்ஸை அடித்துப் பிளந்து, அதற்கு மேல் ஏறி நின்று பாடுகிற பாட்டு. கிடார் நௌஷாத், மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் வீட்டுக்கு ஜவுளிக்கடை. டிரம்ஸ் பாஸ்கர், இரும்புலியூர்ப் பிள்ளை. எங்கள் உள்ளறையில் சுவரோரம் மெத்தைகளைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு சிடி போடுவது என்று தீர்மானித்தார்கள். கம்ப்யூட்டர் இருந்தது. மைக் இருந்தது. ப்ரீஆம்ப் இல்லை. மைக் பிடிக்கிற குரல் நூல் மாதிரி மெலிசாகத்தான் வரும். அதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிற அளவுக்குத் தூக்கிக் கொடுக்கிற பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். கையிலிருந்த காசு ஒரு பெட்டிக்குத்தான் காணும்.

எந்தப் பெட்டி என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. நௌஷாத் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, உள்ளே கண்ணாடி டியூப் எரிகிற பெட்டிதான் வேண்டும், அதில்தான் குரல் கதகதப்பாக வரும் என்றான். பாஸ்கர், "டிரம்ஸுக்கே நாலு மைக் ஓணும். ஒரு ஓட்டை கீற பெட்டிய வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று கத்தினான். அவனுக்கு நாலு மைக் செருகுகிற மலிவுப் பெட்டி போதும். ஜோசி, அலங்காரம் எதுவும் இல்லாத, ஆனால் விலை கூடிய, ஒரு மைக் மட்டும் செருகுகிற பெட்டியைக் கேட்டாள். தீர்ப்புச் சொல்ல சித்தப்பாவைக் கூப்பிடலாம் என்று சொன்னதும் அவள்தான்.

பெஞ்சமின் வந்தார். மூன்று பெட்டிகளையும் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். அன்றைக்கு அவர் சொன்னவை எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "டிரம்ஸ் எந்தப் பெட்டியிலயும் பொழைச்சுக்கும். குரல்தான் பொழைக்காது. குரலுக்குன்னு பெட்டி வாங்கு." நௌஷாதிடம், "விளக்கு எரியணும்னா மெழுகுவத்தி வாங்கு தம்பி." பிறகு, "பாடும்போது எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் இருக்கும். சும்மா இருக்கும்போது அது என்ன சத்தம் போடுதுன்னு கேக்கணும்." எல்லாம் சரியான பேச்சு. இன்றைக்கும் குறைந்த காசில் பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

பிறகு என் பழைய புடவை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொடியில் போட்டு, அதற்குப் பின்னால் பெட்டிகளை வைத்தார். ஜோசி ஒரே சரணத்தை மூன்று முறை பாடவேண்டும், பெட்டிக்கு ஒரு முறை. எது எந்தப் பெட்டி என்று யாருக்கும் சொல்லமாட்டார். பாடி முடித்ததும் மூன்றையும் போட்டுக் காட்டினார்.

"முதல்ல வந்தது தகரம் சார். மலிவுப் பெட்டி" என்றான் நௌஷாத்.

"அப்படியா? ரெண்டாவது?"

"அதான் சார் டியூப். கதகதப்பு தெரியுது பாருங்க."

"எங்க தெரியுது? சொல்லு, கத்துக்கறேன்."

"அடித்தொண்டைல சார்."

"மூணாவது தான் சார் கெத்து" என்றான் பாஸ்கர். "குரலு அப்படியே முன்னால வந்து நிக்கிது."

அவர் இன்னும் கேட்டார், இவர்கள் இன்னும் சொன்னார்கள். போதுமான அளவு சொல்லவிட்ட பிறகு எழுந்துபோய்ப் புடவையை இழுத்தார். இரண்டு பெட்டிகளுக்கு ஒயரே செருகவில்லை. மூன்று முறையும் ஓடியது அந்த மலிவுப் பெட்டிதான். நௌஷாதின் காது மடல் சிவந்துபோயிற்று. பெஞ்சமின் அத்தோடு விட்டிருக்கலாம்.

"பெட்டி மாறல. மாறுனது இவதான்" என்று ஜோசியைக் காட்டினார். "மூணு தடவையும் மூணு விதமாப் பாடறா. குரல்ல காத்தே இல்ல. போர்வைக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு. மலிவுப் பெட்டியே போதும், சத்தமில்லாம சுத்தமா இருக்கு. உங்களுக்கு மாத்த வேண்டியது பெட்டியை இல்ல, பாடறவள."

"இன்னொரு தடவை பாடறேன் சித்தப்பா" என்றாள் ஜோசி.

"பாடு. ஆனா எனக்கு வேற வேலை இருக்கும்மா" என்று சொல்லி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

மலிவுப் பெட்டியைத்தான் வாங்கினார்கள். படப்பையிலிருந்து ஒரு பையன் வந்து பாடினான். ஜோசி ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டு, கல்யாணம் முடிந்து மாடம்பாக்கம் போனாள். அவள் பிள்ளையைத் தூங்கவைக்கும்போதுகூட முதுகில் தட்டிக்கொடுப்பாளே தவிரப் பாடமாட்டாள்.

சிடி வந்தது. என் வீட்டில் போட்டுக் காட்டினார்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னாலும், கிடார் ஓய்கிற இடங்களிலும், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் முனகுமே, அப்படி ஒரு 'ஸ்ஸ்' கேட்டது. பெஞ்சமின் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சுத்தமா இருக்கு பாத்தியா?" என்றார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் போன பிறகு பாஸ்கரைப் பிடித்துக் கேட்டேன்.

"அது ஹிஸ்ஸும்மா. பெட்டி போடற சத்தம். மொத நாள்ல இருந்தே கீது."

"அப்புறம் ஏன்டா வாங்கினீங்க?"

"சார் இல்லன்னாரே. ஏற்கெனவே ஒரே பெட்டிய மூணு பெட்டின்னு சொல்லி அசிங்கப்பட்டுட்டோம். எங்க காதுலதான் கோளாறு போலன்னு நென்ச்சிகினோம்மா."

அதற்குப் பிறகு நான் பெஞ்சமினைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கிறிஸ்துமஸ் விருந்துக்குக் குடும்பம் முழுக்க என் வீட்டில் கூடியிருந்தது. பிரியாணி போட்டிருந்தேன். அவர் மாத்திரை சாப்பிடுவதற்காகக் கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்திருப்பார். அது கீக்கீ என்று அடித்தது. குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினா அவசரமாக அவர் கையைத் தொடப் போனாள். அவளுக்கு அது பழக்கம் என்று அந்தக் கை போன வேகத்திலேயே தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"தம்பி, உங்க வாட்ச் கத்துது."

அவர் கையைத் தூக்கிக் காதருகே வைத்துப் பார்த்தார். இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு பட்டனை அமுக்கினார்.

"அந்தப் பெட்டியும் இப்படித்தான் கத்துச்சு" என்றேன். "உங்களைத் தவிர இங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னு நின்னு உங்க காது போயிடுச்சு தம்பி. போர்வை ஜோசி குரல்ல இல்ல, உங்க காதுல இருக்கு."

"அக்கா, பண்டிகை நாளும் அதுவுமா..." என்றாள் ரெஜினா. பெஞ்சமின் தட்டில் பாதிப் பிரியாணியை வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். அதற்குப் பிறகு அவர் எந்த ரெக்கார்டிங்கும் ஒத்துக்கொள்ளவில்லை. திருவிழாக்களுக்குப் பாஸ்கரை அனுப்பினார். அவரைத் தொழிலை விட்டு எழுப்பியது நான்தான் என்று உறவில் பேசினார்கள். ஆமாம், நான்தான்.

மறு வருஷம் ஈஸ்டருக்குப் பிறகு ஒருநாள், ஜோசி பிள்ளையோடு வந்திருந்தபோது, பெஞ்சமின் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. உள்ளே, அன்றைக்கு ஜோசி கேட்டாளே, அந்த அலங்காரமில்லாத பெட்டி. ஒரு மைக், ஒரு ஹெட்போன். கம்ப்யூட்டரை அவர் தொடவே இல்லை.

"ரெக்கார்ட் பண்ண வரல அண்ணி. ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார். ஜோசியிடம், "அந்தச் சரணம் ஞாபகம் இருக்காம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள். பெஞ்சமின் ஹெட்போனைத் தன் காதில் வைக்கவில்லை. என் தலையில் மாட்டினார். "என் காதை நம்ப முடியாது. நீங்க கேட்டுச் சொல்லுங்க அண்ணி."

முதலில் அவள் பாடாமல் நின்ற நேரம் கேட்டது. பெட்டி ஒரு சத்தமும் போடவில்லை. பிறகு அவள் மூச்சை இழுத்தது, எச்சில் விழுங்கியது. அதற்குப் பிறகு குரல். என் வயிற்றில் பிறந்து, என் சமையலறையில் கத்திக்கொண்டு வளர்ந்த குரல்தான். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் நான் அதைக் கேட்டதில்லை. மேலே ஏறுகிற இடத்தில் லேசாகக் கிழிந்தது. கிழிந்த இடத்தில் அவள் அதை விடாமல் பிடித்து நிறுத்தினாள். சரணத்தின் முடிவில் உதடு மூடுகிற சத்தம்கூடக் கேட்டது. அத்தனை வருஷம் பாடாத தொண்டை அது. போர்வையும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் கேட்ட குரல்களிலேயே அதுதான் பெரியது. இதை உங்களுக்குச் சொல்கிறேன்.

பெஞ்சமின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கு அண்ணி?"

நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். "டீ ஆறுது தம்பி. குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றேன்.

அவர் டீயைக் குடித்தார். கேட்டுக்கு வெளியே போய் நின்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். "அன்னிக்கு நான் தப்பாத்தான் கேட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணி." நான் கொக்கியைப் போட்டேன். அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும், ரெஜினா பேசி முடித்ததும் வாங்கி, "அண்ணி, அது..." என்று ஆரம்பிப்பார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவேன்.

ஜோசிக்கு அன்றைக்கே சொல்லிவிட்டேன், நன்றாக இருந்தது என்று. அடக்கம் முடிந்து பெருங்களத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "அவருக்கும் சொல்லியிருக்கலாம்லம்மா?"

"அன்னிக்கு அவர் உன்னை இன்னொரு தடவை பாட விட்டாரா?" என்றேன்.

அவள் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.

நினைவு மலரில் எல்லாரும் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டதை எழுதுகிறார்கள். ஒருவர் தொழில் என்கிறார், ஒருவர் நேர்மை என்கிறார். நான் பெஞ்சமினிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவர் கேட்டுக்கு வெளியே நின்று கேட்ட அந்தக் கேள்வி. கடைசிவரை அவருக்கு அது தேவைப்பட்டது. அதற்கு உரிய பதில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. கொடுக்காமலே அனுப்பினேன். ரெஜினா, இதை மலரில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போட்டால் ஒரு வரியையும் வெட்டாதே.